பஃபருக்கு என்ன உத்தியோகம்?

புதிதாக ஓர் ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் மற்றவர்கள் அதற்கு என்ன கருத்து என்று கேட்பார்கள். அவர் அப்படிக் கேட்கமாட்டார். "இதுக்கு என்ன உத்தியோகம்?" என்பார். சொல் என்றால் ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும், சும்மா அகராதிக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி.

மட்டக்களப்பில் தண்டவாளம் முடிகிற ஸ்டேசனில் அவர் பொயின்ஸ்மன், அதாவது கோச்சிக்குப் பாதை மாற்றிவிடுகிறவர். ரெயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். அவரும் எல்லாருக்கும் கோச்சி அண்ணன். அவருக்குப் பெயர் ஒன்றும் இருந்தது. அடையாள அட்டையில் மட்டும்தான் அதற்கு உத்தியோகம்.

ஆங்கிலம் அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. எஞ்சினிலும் தண்டவாளத்திலும் இரும்பில் வார்த்திருந்த எழுத்துகளிலிருந்தும், ரெயில்வே விதிப் புத்தகத்திலிருந்தும் பிடித்தது. அதோடு மட்டை கழன்ற கொழுத்த அகராதி ஒன்று வைத்திருந்தார். யாரோ ஒரு பயணி தங்கும் அறையில் விட்டுவிட்டுப் போனது. கேட்டு ஒருவரும் வரவில்லை. அதை ஸ்டேசனிலேயே வைத்திருந்ததால் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று அது தப்பியது. ஆரையம்பதிக்குக் கிழக்கே கடலோரமாக இருந்த அவருடைய வீட்டில் வேறொன்றும் தப்பவில்லை. அவருடைய மனைவியும் தப்பவில்லை.

நான் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான். அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் லொறியிலிருந்து அரிசி இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் அவர் எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். லொறியில் கட்டியிருந்த துணியில் ஆங்கிலத்தில் 'ரிலீஃப்' என்று எழுதியிருந்தது. கோச்சிக்காரருக்கு ரிலீஃப் என்றால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உங்கள் இடத்தில் வந்து நிற்கிற அடுத்த ஆள். "அரிசி வந்திரிக்கு, சந்தோசம். ஆள் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், மனைவி போன துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நான் கடலோரத்து அரச கந்தோர் ஒன்றில் மொழிபெயர்ப்பு கிளாக்கராக இருந்தேன். சொந்த ஊர் கரடியனாறு. வயலும் எருமையும்தான் எங்கள் வீட்டுச் சொத்து. என்னுடைய ஆங்கிலம் சோதனைக்குப் படித்த ஆங்கிலம். கடதாசியில் நின்றால் பிடித்துவிடுவேன். வாயிலிருந்து வந்தால் அது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் ஓடுவேன்.

அந்த லட்சணத்தில்தான் முகாமில் ஒரு கூட்டத்துக்கு என்னை ஒலிவாங்கியோடு நிறுத்தினார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மளமளவென்று ஆங்கிலத்தில் பேசினார். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் இனி யாரும் வீடு கட்ட முடியாது, அது 'பஃபர் சோன்' என்றார். பிறந்ததிலிருந்து எருமைத் தயிர் தின்று வளர்ந்த காது என்னுடையது. அதில் விழுந்தது 'பஃபலோ' என்றுதான். ஒரு நொடி எனக்கே கொஞ்சம் இடித்தது. ஆனால் இவ்வளவு பேர் செத்துப்போன இடத்தில் ஆட்களை விடாமல் மாட்டை விடப்போகிறார்கள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டு, கணீரென்று சொன்னேன்: "கடற்கரை முழுக்க இனி எருமை வலயம்."

முகாமுக்கு இலவசமாகத் தயிர்ச் சட்டி கொண்டு வந்திருந்த எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர் பின்னால் எழுந்து நின்றார். "அப்ப எங்கட எருமையையும் கொண்டு வந்து கட்டலாமா புள்ள?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

கூட்டம் சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. ஒரு மாதமாக அழுவதைத் தவிர ஒன்றும் செய்யாத மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிலர் சிரித்து முடித்து அழவும் செய்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். வேறு உடுப்பு இல்லாததால் ரெயில்வே காக்கியோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "தங்கச்சி, அந்த சேர் சொன்னது பஃபலோ இல்ல, பஃபர். எங்கட ஸ்டேசனில ரெண்டு நிக்கிது. நேரமிருந்தா வந்து பாருங்க" என்றார். எனக்குத் தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். தெரியாது என்பதுதான் உண்மை.

முதல் பிழை ஊரைச் சிரிக்க வைத்ததோடு போயிற்று. இரண்டாவது பிழை அப்படிப் போகவில்லை. அந்த அறிவித்தலைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. இனி ஒருத்தனும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற வீம்பில் கந்தோரில் பெரியவர்களைக் கேட்டேன். சனத்துக்கு விளங்குகிற மாதிரி 'தடை வலயம்' என்று போடச் சொன்னார்கள். போட்டேன். நன்றாகவே விளங்கியது. வீடு நின்ற தங்கள் வளவுகளுக்குப் போய்த் திரும்பக் கட்டக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கல்லைக் கீழே போட்டார்கள். மாத முடிவுக்குள் வளவை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், வைத்தால் உள்ளே தூரத்தில் வீடு கிடைக்கும் என்றார்கள். கடலைப் பார்த்துத்தான் வலை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறவர்கள் கடல் தெரியாத இடத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

மரத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கிழியாமல் எடுத்து நாலாக மடித்துக்கொண்டு அவர் என் மேசைக்கு வந்தார்.

"இத நீங்களா எழுதின?"

"ஓம்."

"பஃபருக்குத் தடை எண்டு ஆரு சொன்ன?"

நான் கந்தோர்ப் பெரியவர்களின் மேசைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் அதட்டவில்லை. மடித்த கடதாசியை என் மேசையில் வைத்துவிட்டு, நாளைக்கு மத்தியானம் தனக்கு டியூட்டி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். மேடைக்கு அங்கால், தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு கட்டை. அதில் இரண்டு வட்ட இரும்புத் தட்டுகள், பின்னால் கை மொத்தத்துக்குச் சுருள்வில். யாரும் கேட்காமலே அவற்றுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசி, எண்ணெய் விட்டு வைத்திருந்தார். உள்ளங்கையால் ஒன்றைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"கோச்சி நிக்காம வந்தா ஸ்டேசன இடிக்க விடாம இது வாங்கும். பின்னுக்கு மாஸ்டர் தேத்தண்ணி குடிச்சிட்டு இரிப்பார், அவருக்குத் தெரியவும் வராது. தடை எண்டா, வராத எண்டு சொல்லுற. பஃபர் அப்பிடிச் சொல்லல்ல. வாறதெண்டா வா, அடி எனக்கு எண்டு சொல்லுது. ரெண்டும் ஒண்டா தங்கச்சி?"

ஒன்றில்லைத்தான். ஏழு வருடம் மொழிபெயர்ப்பு கிளாக்கராக இருந்த எனக்கு ஒரு சொல்லை அப்படிக் கையால் தட்டிப் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அகராதியை எடுத்து வந்தார். பஃபர் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று குடும்பம் குடியிருக்கிறது என்று சந்தோசமாகக் காட்டினார். ஒன்று இந்த இரும்பு. ஒன்று பளபளப்பாகத் தேய்க்கிற தோல்பட்டை. அந்தத் தோலின் மூலத்தைத் தேடிப் போனால் எருமையில்தான் போய் நிற்கிறது. ஆகையால் கூட்டத்தில் நான் சொன்னது முழுப் பொய்யில்லை, கொஞ்சம் சுற்றிப் போய்விட்டேன், அவ்வளவுதான் என்றார். இன்னொரு கருத்து, வயது போன மடையன். அதை விரலால் தொட்டுக் காட்டி, "இது நான்" என்றார். கடைசியில் இரும்புக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று போட்டிருந்தது. மெத்தென்ற உடம்பில் அடி விழும்போது வருகிற சத்தம் வெள்ளைக்காரன் காதுக்கு 'பஃப்' என்று கேட்டதாம், அதிலிருந்து வந்ததாம். அதை மட்டும் அவர் நம்பவில்லை. அடி விழுந்தால் 'பொத்' என்றல்லவா கேட்கும் என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

தமிழில் என்ன போடலாம் என்று கேட்டேன். அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "இடிதாங்கி இரிக்கெண்டா அடிதாங்கி ஏன் இரிக்கப்படாது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்திவாரம் மட்டும் மணலுக்குள் தெரிந்தது. இரண்டு வளவு தள்ளி ஒரு வீடு ஓடு மட்டும் போய் அப்படியே நின்றது. அதற்கு முன்னால் தாழம்பற்றை அடர்த்தியாக நின்றது. அதற்கு அங்கால் இன்னொரு வீடு, முன்னால் பற்றை, அதுவும் நின்றது. அவர் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒன்றுமில்லை, நேரே கடல்.

"இதிலயும் தாழை நிண்டதுதான்" என்றார். "வீட்டுக்குள்ள காத்து வருகுதில்ல எண்டு என்ட மனிசி சொன்ன. நான்தான் வெட்டின. கத்தி வாங்கி வந்து ஒரு கிழமையா நிண்டு வெட்டின."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கையால் மறித்தார்.

"அடி வாங்கிறத வெட்டிப்போட்டன் தங்கச்சி. மறுகா அடி ஆருக்கு விழும்?"

அவருக்கு மூளை கலங்கிவிட்டதென்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தச் சொல்லை அவர் அப்படித் துரத்திக்கொண்டு திரிந்தது அறிவுப் பசியால் அல்ல. அதன் உத்தியோகத்தை அவர் தன் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறார்.

மனு ஒன்று எழுதினோம். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பஃபர் என்பது ஆளில்லாத வெறும் வெளி அல்ல, அடியைத் தான் வாங்கிக்கொள்கிற ஒரு பொருள். வெறும் மணல் எந்த அடியையும் வாங்காது. ஆகவே கரையோரம் தாழையும் பூவரசும் வைத்து அடர்த்தியாக்கி, அதற்குப் பின்னால் எங்களை இருக்க விடுங்கள். சாரம் இவ்வளவுதான். அறிவித்தலையும் 'அடிதாங்கி வலயம்' என்று மாற்ற வேண்டும் என்று எங்கள் கந்தோரில் கேட்டேன். அரச சொற்றொகுதியில் அப்படி ஒரு சொல் இல்லை என்றார்கள். என் உத்தியோக காலத்தில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியோடு வாய் கொடுத்தேன். தோற்றேன். ஆனால் வாய் கொடுத்தேன்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. மாத முடிவு வந்துகொண்டிருந்தது. படிவத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்து வைக்கத் தொடங்கினார்கள். அவர் என் மேசைக்கு வந்து, தடை எதற்கு என்று அறிவித்தலை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வீடு கட்டுவதற்கு என்று வாசித்தேன். "தாழை வைக்கிறதுக்கு?" என்றார். தேடினேன். தாழையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

அன்று பின்னேரமே முகாமிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தாழங்கிளையை வெட்டி மணலில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், ஆனால் பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் ஆண்களும் பெண்களும் வாளியோடு கடற்கரைக்குப் போனார்கள். தடை வலயத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு வந்தவர்களுக்கு அவர் கிளையை உயர்த்திக் காட்டினார். மரம் வைக்கிறவனைத் துரத்த யாரிடமும் சுற்றறிக்கை இல்லை. தினமும் போய் மிதிக்கிற மண்ணை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்க அதற்குப் பிறகு யாருக்கும் கை வரவில்லை. மாத முடிவு வந்தது, போனது. அந்தக் குறிச்சிப் படிவங்களில் பாதிக்கு மேல் வெறுமையாகவே என் மேசை லாச்சிக்குள் கிடந்தன.

பிறகு கொழும்பிலேயே அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். எங்கள் மனுவால்தான் குறைத்தார்கள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். நாட்டைச் சுற்றிலும் ஆயிரம் பேர் சத்தம் போட்டிருப்பார்கள். ஆனால் குறைத்தபோது பல இடங்களில் திரும்பிப் போக ஆளில்லை. இந்தக் குறிச்சியில் சனம் வாளியோடு நின்றது. இடுப்பளவு தாழைக்குப் பின்னால் வீடு எழும்பியது. அவர் தன்னுடைய வளவைக் கட்டாமல் முழுவதும் தாழைக்கே விட்டுவிட்டார். பின்னால் ஒரு துண்டு நிலத்தில் அறையும் குசினியுமாக ஒரு வீடு போட்டுக்கொண்டார்.

அதற்கிடையில் சண்டை எங்கள் பக்கம் திரும்பியது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை முழுக்க ஷெல். கரடியனாற்றிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் எருமைகளை அவிழ்த்து விட்டுவிட்டு, கையில் ஒரு பையோடு கிழக்கே எழுவான்கரைக்கு வந்தார்கள். அவர்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். அந்தக் கடலோரக் குறிச்சிக்குப் பக்கத்தில்தான் கூடாரம் அடித்தார்கள். ஒரு குழாய்க்கிணறு, இரண்டு ஊர்ச் சனம். எத்தனை நாளைக்கு அன்பு நிற்கும்?

ஒரு நாள் நான் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது கிணற்றடியில் வாய்ச்சண்டை. எங்களுக்கே தண்ணி இல்லை என்கிறார்கள் இந்த ஊர்ப் பெண்கள். நாங்கள் என்ன ஆசைப்பட்டா வந்தோம் என்கிறார்கள் அந்த ஊர்ப் பெண்கள். ஒருத்தி வெறும் அலுமினியக் குடத்தை ஓங்கிவிட்டாள். கோச்சி அண்ணன் குறுக்கே போய் நின்றார். குடம் அவருடைய தோளில் இறங்கியது.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஓங்கியவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தோளைத் தடவிக்கொண்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"தங்கச்சி, சத்தம் எப்பிடிக் கேட்ட?"

"என்ன அண்ணன்?"

"பொத் எண்டா, பஃப் எண்டா?"

எனக்குச் சத்தமே நினைவில்லை. பக்கத்தில் நின்ற என் அப்பா, இந்தக் கதை ஒன்றும் தெரியாதவர், "பஃப் எண்டுதான் கேட்ட தம்பி" என்றார். "அப்ப அகராதி சரிதான்" என்று அவர் தலையாட்டினார். அழுதவள் உட்பட ஆளுக்கு ஆள் சிரிக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒரு குடம் இந்த ஊருக்கு, ஒரு குடம் அந்த ஊருக்கு என்று வரிசை வைத்தார்கள். அவருடைய தோள் ஒரு கிழமை வீங்கியிருந்தது.

படுவான்கரைக்குத் திரும்பிப் போக விட்டபோது அப்பா நம்பிக்கையில்லாமல்தான் போனார். பட்டிக்குப் பக்கத்தில் மூன்று எருமைகள் தாங்களாகவே வந்து நின்றன. முதல் தயிரைச் சட்டியில் உறைய வைத்து என்னிடம் கொடுத்து, கோச்சி அண்ணனுக்கு என்றார். கொண்டு போய்க் கொடுத்தேன். எருமை வலயத்திலிருந்து வந்திருக்கிறதென்று சொன்னேன். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை முதன்முதல் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டத்தில் சிரிக்காமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தார்.

சண்டை முழுதாக முடிந்த பிறகு ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை போட ஆட்கள் வந்தார்கள். கோச்சி அண்ணனின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு ஊரே ஒரே பெயரைச் சொன்னது. இன்றைக்கும் 'அடிதாங்கி ஒழுங்கை' என்று மூன்று மொழியிலும் பலகை நிற்கிறது. ஆங்கிலத்திலும் அடிதாங்கி என்றே எழுதியிருக்கிறார்கள். பாசிக்குடாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் யாராவது வழி தவறி வந்து அதன் கருத்தைக் கேட்டால், ஒழுங்கைப் பிள்ளைகள் "பஃபர்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். எந்தச் சொற்றொகுதியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பலகை நட்ட கிழமை நான் அவரைப் பார்க்கப் போனேன். தாழை ஆளுயரத்துக்கு மேலே நின்றது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அது பின்னேரம், நல்ல வெக்கை. வாசலில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி கொண்டு வந்து கையில் தந்தார். பிறகு தாழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓலைகள் மெதுவாக உரசத் தொடங்கின. என் சேலைத் தலைப்பு அசைந்தது. உள்ளே கொடியில் கிடந்த அவருடைய காக்கிச் சட்டையும் அசைந்தது.

"பாத்தீங்களா தங்கச்சி, அவ கேட்ட காத்து வருகுது" என்றார். "இவ்வளவு அடர்த்திக்குள்ளாலயும் வருகுது. வெட்டியிருக்கத் தேவையில்ல."

அவர் அழவில்லை. உள்ளே போய் இன்னொரு கதிரையைக் கொண்டு வந்து, என் பக்கத்தில் போடாமல், காற்று நேரே படுகிற வாசல்படிக்கு நேராகப் போட்டார். அதில் அவர் உட்காரவில்லை. எனக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திக்கொண்டு, அந்தக் கதிரையில் காற்று படுவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.